தூணா, கண்ணாடியா: பல நாட்டுத் துணையோடு ஒரு விமானந்தாங்கிக் கப்பலைத் திட்டமிடுவது

எங்கள் வீட்டுப் பட்டாலையில் (பெரிய கூடத்தில்) நான்கு பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. மாடிப்படிக்குக் கீழே, சுவரில் சாய்த்தபடி, ஆளுயரத்துக்கும் மேலான பெல்ஜியம் கண்ணாடி ஒன்று இருக்கிறது. இரண்டும் ஐயா கப்பலில் வரவழைத்தவை. பர்மாவின் மோல்மேன் ஊரில் கடை வைத்துக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போய்வந்தவர் அவர்.

தூண் வந்த கதையையும் கண்ணாடி வந்த கதையையும் அப்பத்தா தனித்தனியாகச் சொல்வார். முதலில் கொத்தனார் மனையில் கயிறு பிடித்து, வளவு இவ்வளவு, பட்டாலை இவ்வளவு என்று பிரித்தார். உத்தரம் எந்த உயரத்தில் வரும் என்று முடிவானது. அதற்குப் பிறகுதான் மோல்மேன் கடைக்குக் கடிதம் போனது: இத்தனை தூண், இன்ன நீளம், இன்ன கனம் என்று. தூண்கள் வந்தன, நிறுத்தினார்கள், இன்றும் நிற்கின்றன. கண்ணாடி விஷயம் வேறு. பார்க்க அழகாக இருந்ததென்று அளவு பார்க்காமல் வாங்கி அனுப்பிவிட்டார்கள். வந்த பிறகு பார்த்தால் எந்தச் சுவரிலும் அது பொருந்தவில்லை. ஒரு நிலையை எடுத்துவிட்டு மாட்டலாமா என்றுகூட யோசித்திருக்கிறார்கள். ஆசாரி மறுத்துவிட்டாராம். அன்று சாய்த்து வைத்தது இன்றும் அப்படியே இருக்கிறது.

என்னிடம் இயற்பியல் படிக்க வரும் ப்ளஸ் டூ பையன் ஒருவன் சில வாரங்களுக்கு முன் கேட்டான்: “சார், விக்ராந்தை நாமளே கட்டிட்டோம்ல? அப்புறம் அடுத்த கப்பலுக்கு எதுக்கு அமெரிக்காக்காரங்க, இங்கிலாந்துக்காரங்களோட உக்காந்து பேசணும்? நமக்கு அது குறைச்சல் இல்லையா?”

நம் நாட்டில் கட்டிய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத்தான் அவன் சொன்னான். அவனைப் படிக்கட்டுக்குக் கீழே கூட்டிப்போய் அந்தக் கண்ணாடியைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்கினேன். அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கப்பலைப் பற்றி எதுவும் தெரியாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம்.

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று இன்னும் கிடக்கிறது. அதன் ஒரு முனையில் நின்றால் மறுமுனை கானல்நீரில் நெளியும். நிலத்தில் விமானம் ஏற அவ்வளவு இடம் கொடுக்கிறோம். கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்த்த ஐஎன்எஸ் விக்ராந்தின் மொத்த நீளமே 262 மீட்டர்தான். அதற்குள்ளேயே விமானம் ஏற வேண்டும், இறங்க வேண்டும், நிற்க வேண்டும், எரிபொருள் நிரப்ப வேண்டும், கீழ்த்தளத்துக்குப் போய்ப் பழுதுபார்த்து வர வேண்டும். கூடவே கிட்டத்தட்ட 1,600 பேர் அதே கப்பலில் உண்டு, உறங்கி, வேலை செய்ய வேண்டும்.

இவ்வளவு குட்டை ஓட்டத்தில் விமானம் எப்படி எழும்புகிறது? பட்டம் விடும் பையன் காற்றை எதிர்த்து ஓடுவானே, கப்பலும் அதைத்தான் செய்கிறது. காற்று வரும் திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமெடுக்கிறது. விக்ராந்தின் உச்ச வேகம் 28 நாட், அதாவது மணிக்குச் சுமார் 52 கிலோமீட்டர். ஆக, விமானம் அசைவதற்கு முன்பே அதன் சிறகில் நல்ல காற்று அடித்துக்கொண்டிருக்கும். மீதி வேகத்துக்கு உலகத்தில் மூன்று வழிகள் வைத்திருக்கிறார்கள்.

முதல் வழியில் தளத்தின் மூக்கைச் சறுக்குமரம் போல மேல்நோக்கி வளைத்துவிடுவார்கள். ஸ்கீ ஜம்ப் என்று பெயர். விமானம் தன் என்ஜின் பலத்தில் ஓடி, அந்த வளைவில் எகிறும். நம் விமானந்தாங்கிகளான விக்ரமாதித்யா, விக்ராந்த் இரண்டிலும் இதுதான். பழுதாவதற்கு அதில் எதுவுமே இல்லை என்பது பெரிய நன்மை. ஆனால் தன் பலத்திலேயே எகிற வேண்டியிருப்பதால் விமானம் முழு எரிபொருளும் முழு ஆயுதமும் சுமந்து ஏறுவது கடினம். முதுகில் பெரிய ராடார் சுமக்கும் கனமான கண்காணிப்பு விமானத்தை அங்கிருந்து அனுப்ப முடியாது.

இரண்டாவது வழி கவண். கவணில் கல் வைத்து எறிவது போல, தளத்துக்கு அடியில் ஓடும் பொறி ஒன்று விமானத்தின் முன்சக்கரத்தைப் பிடித்து இழுத்து வீசும். இரண்டு, மூன்று நொடிகளில் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். மூன்றாவது வகையில் என்ஜின் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிக் குறுகிய ஓட்டத்தில் எழும்பி, வரும்போது செங்குத்தாக இறங்குவார்கள். நம் பழைய விமானந்தாங்கியான ஐஎன்எஸ் விராட்டில் இருந்த சீ ஹாரியர் விமானம் அந்த வகை.

இறங்குவதுதான் இன்னும் கடினம். செங்குத்தாக இறங்காத விமானங்களின் வாலுக்கடியில் ஒரு கொக்கி இருக்கும். தளத்தின் குறுக்கே எஃகு வடங்கள் கட்டியிருக்கும். கொக்கி ஒரு வடத்தில் மாட்டினால், நூறு மீட்டருக்குள் விமானம் நின்றுவிடும். மாட்டாவிட்டால்? அதற்காகவே சக்கரம் தளத்தைத் தொட்ட நொடியில் விமானி என்ஜினை அணைக்க மாட்டார், முழு விசை கொடுப்பார். வடம் தவறினால் அப்படியே மறுபடி பறந்துபோய்ச் சுற்றி வர வேண்டுமே. நிற்க வேண்டிய இடத்தில் முழு வேகம் கொடுக்கிற அந்தப் பழக்கம் விமானிக்கு எத்தனை நாள் பயிற்சியில் வரும் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

திட்டமிடும் வேலை இங்கிருந்துதான் தொடங்குகிறது. பையனிடம் ஒரு தாளைக் கொடுத்து, “நீ ஒரு கப்பலைத் திட்டம் போடு” என்றேன். எல்லாரையும் போல அவனும் முதலில் கப்பலின் உடலைத்தான் வரைந்தான். முதலில் வரைய வேண்டியது விமானத்தை.

எந்த விமானம் என்பது முடிவானால் அது எப்படி ஏறும் என்பது முடிவாகும். ஸ்கீ ஜம்ப் போதுமா, கவண் வேண்டுமா? கவண் என்றால் அதற்குச் சக்தி எங்கிருந்து வரும்? பழைய கவண்கள் நீராவியில் ஓடுபவை. விக்ராந்தில் இருப்பவை நான்கு எல்எம்-2500 எரிவாயு டர்பைன்கள், மொத்தம் 88 மெகாவாட். டர்பைன் ஓட்டும் கப்பலில் கொதிகலன் இல்லை, ஆகவே கவணுக்கு வேண்டிய நீராவியும் இல்லை. அப்படியானால் மின்காந்தக் கவண்தான் வழி. அமெரிக்காவின் ஜெரால்டு ஆர். ஃபோர்டு கப்பலில் இருக்கும் அந்தக் கவண் ஒரே வீச்சில் அதிகபட்சம் 122 மெகாஜூல் ஆற்றல் கொடுக்கும். நம் மின்கட்டண அட்டைக் கணக்கில் சொன்னால் 34 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு நமக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மூன்று நொடிக்குள் தீர்ந்துவிடும்! அந்த நேரத்துக்கு அது கேட்கும் திறன் விக்ராந்தின் நான்கு டர்பைன்களின் மொத்தத் திறனில் கிட்டத்தட்டப் பாதி. அதனால்தான் ஆற்றலைக் கனமான சுழலிகளில் முன்கூட்டியே சேர்த்து வைத்து, அந்த இரண்டு மூன்று நொடியில் அவிழ்த்துவிடுகிறார்கள்.

இப்போது சங்கிலியைப் பாருங்கள். விமானம் கவணைத் தீர்மானிக்கிறது. கவண் மின்சாரத்தைத் தீர்மானிக்கிறது. மின்சாரம் என்ஜினைத் தீர்மானிக்கிறது: சாதாரண டர்பைனா, கப்பல் முழுவதும் மின்சாரத்தில் ஓடும் ஏற்பாடா, அணு உலையா? என்ஜின் கப்பலின் வயிற்றை எவ்வளவு பெரிதாக்குவது என்று சொல்லும். வயிறு பெரிதானால் கட்டும் துறை பெரிதாக வேண்டும். கொச்சியில் 310 மீட்டர் நீளத்தில் புதிய உலர்துறை ஒன்றை 2024 ஜனவரியில் திறந்தார்கள். இப்படி ஒரு துறை இல்லாமல் பெரிய கப்பலின் வரைபடம் வெறும் தாள்தான்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியைப் பாதியில் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. அவர்களுடைய குயின் எலிசபெத் வகைக் கப்பல்கள் ஒவ்வொன்றும் 65,000 டன். நாடெங்கும் பல தளங்களில் துண்டு துண்டாகக் கட்டி, ஸ்காட்லாந்தின் ரோசைத்தில் ஒன்றுசேர்த்தார்கள். குறுகிய ஓட்டத்தில் எழும்பும் எஃப்-35பி விமானத்துக்காக வரைந்த கப்பல் அது. 2010ல், கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும்போதே, கவணில் ஏறும் எஃப்-35சி வேண்டும் என்று அரசு முடிவை மாற்றியது. ஒரு கப்பலை மாற்றும் செலவு மட்டும் சுமார் 200 கோடி பவுண்டுக்கு ஏறும் என்று தெரிந்ததும், 2012 மே மாதம் பழைய முடிவுக்கே திரும்பினார்கள். கப்பல் நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு வருடமும் அதற்கான செலவும், கட்டிய பட்டாலையை இடிக்கலாமா என்று பேசிக் கழிந்த காலம்.

நம்மிடமும் இது உண்டு. விக்ராந்தின் விமான லிப்ட்களை ரஷ்ய மிக்-29கே போன்ற சிறகு மடங்கும் விமானங்களை மனதில் வைத்து அளவெடுத்தார்கள். இப்போது நாம் பிரான்ஸிடம் 26 ரபேல்-எம் விமானங்களுக்கு 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், சுமார் 63,000 கோடி ரூபாய்க்கு. ரபேல்-எம் அருமையான விமானம். கோவாவில் தரையில் கட்டியிருக்கும் ஸ்கீ ஜம்ப்பில் 2022 ஜனவரியில் ஏறிக் காட்டியது. ஆனால் அதன் சிறகு மடங்காது, அகலம் 11 மீட்டரை ஒட்டி வருகிறது. அளவெடுத்து வைத்த லிப்ட்டில் அதை ஏற்றி இறக்குவது நெருக்கமான வேலை. வீடு கட்டியானபிறகு வந்த கட்டில் நிலைவாசலில் நுழைவதற்கு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல.

இனி பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அடுத்தவரோடு உட்கார்ந்து பேசுவது குறைச்சலா?

கவணையே எடுத்துக்கொள்ளுங்கள். நீராவிக் கவண் பிரிட்டிஷ்காரர்கள் கண்டது. பெர்சியஸ் என்ற கப்பலை 1952ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்கே கொண்டுபோய் ஓட்டிக் காட்டினார்கள். அமெரிக்கர்கள் பார்த்தார்கள், தங்கள் கப்பல்களில் வைத்துக்கொண்டார்கள். இறங்கும் பாதையைக் கப்பலின் நடுக்கோட்டிலிருந்து சாய்த்துப் போடும் யோசனையும் பிரிட்டனில் பிறந்ததே. வடம் தவறிய விமானம் முன்னால் நிற்கும் விமானங்களின் மேல் மோதாமல் பக்கவாட்டில் பறந்துபோக அந்தச் சாய்வுதான் உயிர் காக்கிறது.

இறங்கும் விமானிக்குச் சரியான சரிவைக் காட்டும் கண்ணாடியும் அங்கிருந்தே வந்தது. அதைக் கண்ட நிக் குட்ஹார்ட் என்ற அதிகாரி, ஒரு சின்ன முகக்கண்ணாடியின் குறுக்கே உதட்டுச் சாயத்தால் ஒரு கோடு போட்டு மேசையில் வைத்தாராம். எதிரே ஒரு பொருளை நிறுத்தி, அதன் பிம்பம் கோட்டை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டே நடந்து வரும்படி தன் உதவியாளரிடம் சொன்னார். அந்தப் பெண் கிட்ட வரவரக் குனிந்து, கடைசியில் அவர் முகவாய் மேசையைத் தொட்டது. விமானமும் இப்படியே சரிவு மாறாமல் தளத்தைத் தொடும் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. இந்த மூன்றும் இல்லாமல் இன்றைய அமெரிக்கக் கப்பல்கள் இல்லை. உலகத்திலேயே வலிமை மிக்க கடற்படை, அடுத்தவரிடம் கற்றுக்கொண்டதைப் பெருமையாகவே வைத்திருக்கிறது.

பிரான்ஸின் அணுசக்திக் கப்பலான சார்ல்ஸ் டி கால் 2001ல் சேவைக்கு வந்தது. உலையும் உடலும் அவர்களுடையவை. கவண் மட்டும் அமெரிக்க வடிவமைப்பு. 2038ஐ ஒட்டி வரவிருக்கும் சுமார் 75,000 டன் கப்பலுக்கும் மின்காந்தக் கவணை அமெரிக்காவிடமிருந்தே வாங்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். சொந்தமாக விமானம், சொந்தமாக அணு உலை, சொந்தமாகக் கப்பல் கட்டும் நாடு, ஒரு பொறியை மட்டும் அளவு சொல்லி வாங்குகிறது. மனை பிரித்த பிறகு தூணுக்குக் கடிதம் எழுதுவது என்றால் இதுதான்.

கண்ணாடிக் கதை நமக்கு நேர்ந்தது அட்மிரல் கோர்ஷ்கோவ் என்ற பழைய ரஷ்யக் கப்பலை வாங்கிய விஷயத்தில். இதை யாரையும் குறை சொல்லும் நோக்கத்தோடு எழுதவில்லை. அந்தக் கப்பல் இல்லாமல் போயிருந்தால், விராட் ஓய்வு பெற்ற 2017க்கும் விக்ராந்த் வந்த 2022க்கும் இடையில் நம்மிடம் ஒரு விமானந்தாங்கியும் இருந்திருக்காது. ஆனாலும் பாடம் பாடம்தான்.

2004ல் ரஷ்யாவோடு ஒப்பந்தம். பழைய கப்பல் இலவசம் போல, மாற்றிக் கட்டும் வேலைக்கு மட்டும் 97.4 கோடி டாலர், 2008ல் கையில் கிடைக்கும் என்று பேச்சு. கோர்ஷ்கோவ் பாதி ஏவுகணைக் கப்பல், பாதி விமானந்தாங்கி. முன்தளத்திலிருந்த ஏவுகணைக் குழாய்களை எடுத்துவிட்டு, முழு ஓடுதளமும் ஸ்கீ ஜம்ப்பும் போட வேண்டும். உள்ளே திறந்து பார்க்கப் பார்க்க வேலை கூடியது. பழைய வீட்டில் ஒரு ஓட்டை மாற்றலாமென்று ஏறினால் கைமரமெல்லாம் கரையான் என்று தெரியவருமே, அப்படி. மின்கம்பிகளைக் கிட்டத்தட்ட முழுக்க மாற்றினார்கள். 2010ல் விலை சுமார் 235 கோடி டாலராக மறுபடி பேசி முடிவானது. 2012ல் கடலோட்டச் சோதனையின்போது கொதிகலனின் உட்காப்பு தாங்கவில்லை. ஆஸ்பெஸ்டாசுக்குப் பதிலாக வைத்த தீச்செங்கல் உச்ச வேகத்தின் வெப்பத்தில் நொறுங்கி, எட்டுக் கொதிகலன்களில் ஏழு பழுதாயின. கடைசியில் 2013 நவம்பர் 16 அன்று, விக்ரமாதித்யா என்ற பெயரோடு, நம் கொடி ஏறியது.

கோர்ஷ்கோவை முதலில் தேர்ந்துவிட்டதால், விமானம், தளம், ஸ்கீ ஜம்ப் எல்லாம் அதை ஒட்டியே வந்தன. ஸ்கீ ஜம்ப், அதில் ஏறும் மிக்-29கே என்ற அதே ஏற்பாடுதான் பிறகு விக்ராந்துக்கும் வந்து சேர்ந்தது.

விக்ராந்தின் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது எஃகு. தொடக்கத்தில் கப்பலுக்கான எஃகை ரஷ்யாவிலிருந்து வாங்குவதாக ஏற்பாடு. சரக்கு வந்து சேருவதில் தாமதம். அப்போது ஐதராபாத்தில் இருக்கும் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும், செயில் என்ற அரசு எஃகு நிறுவனமும், கடற்படையும் சேர்ந்து டிஎம்ஆர்-249 என்ற போர்க்கப்பல் எஃகை இங்கேயே உருவாக்கினார்கள். 20,000 டன்னுக்கும் மேல் அதில் போனது. இதைச் சொன்னதும் பையன் தரையைப் பார்த்துச் சிரித்தான். புரிந்துவிட்டது. அவன் நின்றுகொண்டிருந்தது ஆத்தங்குடிக் கல்லின் மேல்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சீமைத் தரைக்கல் கப்பலில் வருவதற்கு ஆன செலவையும் உடைசலையும் பார்த்து, ஆத்தங்குடி மண்ணையும் சிமெண்டையும் கொண்டு நம்மாட்களே செய்யத் தொடங்கியது அந்தக் கல் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடித் தகட்டைக் கவிழ்த்து, அதன்மேல் வண்ணத்தை ஊற்றிப் பூப்போட்டு, காய்ந்த மணல்சிமெண்டைத் தூவி, ஈரக் கலவையைக் கரண்டியால் இழைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள். கண்ணாடித் தகட்டைப் பிரித்தால் பளபளப்பு தானாக வந்திருக்கும். சுடுவதே கிடையாது. இன்று அந்தக் கல்லைத் தேடி வெளியூரிலிருந்து வருகிறார்கள். டிஎம்ஆர்-249 எஃகும் அப்படியே: விக்ராந்துக்காகக் கண்டது, பிறகு நம் கடற்படையின் மற்றக் கப்பல்களுக்கும் போயிற்று.

விக்ராந்தின் மதிப்பில் 76 சதவீதம் உள்நாட்டுப் பொருள். மீதியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் “நாமே கட்டினோம்” என்பதன் முழுப் பொருள் தெரியும். மொத்த வடிவமைப்பு நம் கடற்படையின் வடிவமைப்புப் பிரிவு. விமானத்தள ஏற்பாட்டுக்கு ரஷ்யாவின் நெவ்ஸ்கோயே வடிவமைப்பகம். உந்துபொறி இணைப்புக்கு இத்தாலியின் ஃபின்கான்டியேரி. டர்பைன் அமெரிக்க ஜிஇ நிறுவனத்தினுடையது, அதை இங்கே பொருத்திக் கொடுத்தது நம் அரசு விமான நிறுவனமான ஹெச்ஏஎல். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, இங்கிலாந்து இரும்பு உத்தரம் எல்லாவற்றையும் ஒரே வீட்டில் பிடித்து நிறுத்தியது கடுக்காயும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்த நம்மூர்ச் சுண்ணாம்புச் சாந்து. கப்பலில் அந்தச் சாந்து வேலையைச் செய்தவர்கள் நம் வடிவமைப்பாளர்கள். ரஷ்ய அளவில் வரைந்த தளப்பொறியும் அமெரிக்க டர்பைனும் இத்தாலிய இணைப்பும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். அந்த அறிவை யாரும் விற்பதில்லை. வேலை செய்தால்தான் வரும்.

இனி, கூட்டுத் திட்டமிடல் என்பது மேசையில் எப்படி நடக்கிறது? 2015 ஜனவரியில் ஒபாமா டெல்லி வந்தபோது, விமானந்தாங்கித் தொழில்நுட்ப ஒத்துழைப்புக்காக இந்தியாவும் அமெரிக்காவும் ஒரு கூட்டுப் பணிக்குழு அமைக்க ஒப்புக்கொண்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் குழு முதல்முறை கூடியது. அந்த வருடமே நம் கடற்படை, அடுத்த கப்பலின் வடிவமைப்பு யோசனை கேட்டு அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா என நான்கு நாட்டு நிறுவனங்களுக்கும் எழுதியது. டிசம்பரில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமெரிக்கக் கப்பலான ஐசனோவரில் இறங்கி, கவணில் விமானம் ஏறுவதை நேரில் பார்த்தார். பிரிட்டனோடு பேச்சு வேறொரு தூணைப் பற்றி: கப்பலை மின்சாரத்தில் ஓட்டும் ஏற்பாடு. 2023ல் அதற்கான கூட்டுக்குழு, 2024 நவம்பரில் போர்ட்ஸ்மவுத்தில் உடன்பாட்டுக் கையெழுத்து. முதலில் இது படைகளைக் கரையில் இறக்கும் கப்பல்களுக்குத்தான். ஆனால் மேலே சொன்ன சங்கிலியை நினைத்தால், மின்காந்தக் கவண் வேண்டுமென்று நாளை முடிவெடுக்கும் நாட்டுக்கு மின்சாரக் கப்பலைப் பற்றி இன்றே தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் குழுக்களில் யாரும் கப்பலைத் தூக்கிக் கொடுப்பதில்லை. அவர்கள் பட்ட தப்புகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் பெரிய லாபம். ஃபோர்டு கப்பல் 2017ல் சேவைக்கு வந்தது, விலை சுமார் 1,300 கோடி டாலர். தொடக்க வருடங்களில் அதன் மின்காந்தக் கவண் எதிர்பார்த்ததைவிட அடிக்கடி பழுதானது. அது ஏன் என்பதை அந்தப் பொறியாளர்களிடமே உட்கார்ந்து கேட்க முடிந்தால், அதுவே நமக்கு ஐந்து வருடச் சேமிப்பு. பிறகு கூட்டுப் பயிற்சி. 2017 ஜூலையில் சென்னைக்கு அப்பால் வங்கக்கடலில் நடந்த மலபார் பயிற்சியில் விக்ரமாதித்யாவும் அமெரிக்காவின் நிமிட்ஸும் ஜப்பானின் இசுமோவும் சேர்ந்து ஓடின. கவண் கப்பலும் ஸ்கீ ஜம்ப் கப்பலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது தெரிவது எந்தக் கோப்பிலும் இருக்காது.

கடைசியில் எழுத்து. நகரத்தார் கடைகளில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும்போது சம்பளச் சீட்டு எழுதுவார்கள்: எத்தனை வருடம், என்ன சம்பளம், எதற்கு யார் பொறுப்பு என்று. வாய்வார்த்தைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள், சொந்தக்காரனாக இருந்தாலும். கப்பல் ஒத்துழைப்பிலும் அதே கேள்விகள்தான். வரைபடம் யாருக்குச் சொந்தம்? நாம் அதில் திருத்தம் செய்யலாமா? உதிரிப்பாகம் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும்? கூட்டாளிக்கும் மூன்றாம் ஆளுக்கும் சண்டை வந்தால் என்ன செய்வது? இந்தக் கடைசிக் கேள்வி கற்பனை என்று நினைக்க வேண்டாம். நமக்காக ரஷ்யாவில் கட்டிய துஷில் போர்க்கப்பலுக்கு உக்ரைன் டர்பைன் வேண்டியிருந்தது. 2014க்குப் பிறகு உக்ரைன் ரஷ்யாவுக்கு அதைத் தர மறுத்தது. இந்தியாவே உக்ரைனிடம் வாங்கி ரஷ்யாவுக்கு அனுப்பிப் பொருத்த வைத்தது. கப்பல் 2024 டிசம்பரில்தான் நம் கடற்படைக்கு வந்தது.

இன்னொன்றும் ஆரம்பத்திலேயே எழுதிவிட வேண்டும்: துரு. இது காரைக்குடிக்காரனாக நான் சேர்ப்பது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் எங்கள் ஊருக்கு வந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோக அரிமானத்தை ஆராயும் இடம். உப்புக்காற்றில் உலோகம் என்ன ஆகிறது என்று பார்க்க மண்டபத்திலும் அவர்களுக்கு ஓர் ஆய்வு மையம் உண்டு. மண்டபம் கடற்கரையில் புது இரும்பாணியை ஒரு மழைக்காலம் வெளியே போட்டுவிட்டு எடுத்துப் பாருங்கள், விரலில் செம்பொடி ஒட்டும். விமானந்தாங்கி அந்த உப்பிலேயே நாற்பது, ஐம்பது வருடம் கிடக்க வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை துறைக்கு இழுத்து மாதக்கணக்கில் பழுதுபார்ப்பார்கள். இரண்டு கப்பல் வைத்திருக்கும் நாட்டுக்குப் பல சமயம் கடலில் ஒன்றுதான் இருக்கும். மூன்றாவது வேண்டுமென்று கடற்படை விடாமல் கேட்பதன் கணக்கு இதுதான்.

அந்த மூன்றாவது எப்படி இருக்க வேண்டும்? 65,000 டன்னில் கவணோடு பெரியதா, விக்ராந்தைப் போல 45,000 டன்னில் இன்னொன்றா என்ற விவாதம் ஓடுகிறது. என் எண்ணத்தை மறைக்காமல் சொல்கிறேன். விக்ராந்தின் வரைபடம் நம்மிடம் இருக்கிறது. அதைப் பற்றவைத்த கைகள் கொச்சியில் இருக்கின்றன. ஏரா வைத்தது, அதாவது அடிமுதுகெலும்பைப் போட்டது, 2009ல். கடற்படையில் சேர்ந்தது 2022ல். பதின்மூன்று வருடம் பழகிய கைகளை வேலையில்லாமல் விட்டால் அந்தப் பழக்கம் கலைந்துபோகும். ஆகவே உடனே கட்டத் தொடங்குவது விக்ராந்தின் தங்கையாக இருக்கட்டும். மின்காந்தக் கவணையும் மின்சார உந்துதலையும் பற்றிய கூட்டுப் பேச்சை அதோடு சேர்த்தே, அவசரமில்லாமல், பெரிய கப்பலுக்காக நடத்தலாம். பெரிய கப்பல்தான் முதலில் வேண்டும் என்பவர்களின் வாதத்திலும் பலமிருக்கிறது: தங்கைக் கப்பலும் ஸ்கீ ஜம்ப்போடு வந்தால் கனமான கண்காணிப்பு விமானம் இன்னும் பல வருடத்துக்கு நமக்கு இல்லை.

பையன் போன ஞாயிற்றுக்கிழமை வேறொரு தாளோடு வந்தான். இந்த முறை கப்பலின் உடல் தாளில் இல்லை. நடுவில் ஒரு விமானம், சிறகை மடித்தபடி. இந்தியாவில் வடிவமைத்துக்கொண்டிருக்கும் இரட்டை என்ஜின் கடற்படை விமானத்தை வரைந்திருந்தான். சிறகு மடங்கும்படிதான் அதைத் திட்டமிட்டிருக்கிறார்கள். விமானத்தைச் சுற்றி ஒரு சதுரம், லிப்ட். சதுரத்தின் நான்கு பக்கமும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கேட்டான். இருவரும் தாளைத் தரையில் விரித்து, ஆத்தங்குடிக் கல்லின் கட்டங்களையே அளவாக வைத்து எண்ணத் தொடங்கினோம்.